கிரேக்க வேதாகமத்தில் எபிரேயப் பெயர்கள்: புதிதாகப் படிப்பவருக்கு

மோசேயின் அக்கா மிரியாம். இயேசுவின் தாய் மரியாள். மோசேக்குப் பிறகு தலைமை ஏற்றவர் யோசுவா. நாசரேத்தூர்க்காரர் இயேசு. தமிழில் வேதாகமம் படித்து வளர்ந்தவர்களுக்கு இவை நான்கு பெயர்கள். உண்மையில் இரண்டுதான். மிரியாமும் மரியாளும் ஒரே பெயர். யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயர். பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்தும் புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்தும் தமிழுக்கு வந்ததால், ஒரே பெயர் இரண்டு வாசல் வழியாக நுழைந்து இரண்டு பெயராகிவிட்டது.

நான் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய நாட்களில் பெயர் வந்தாலே தாண்டிக் குதித்துவிடுவேன். பெயர்தானே, அதில் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. எபிரெயர் 4:8இல் வசமாக மாட்டிக்கொண்டேன். 'இயேசு அவர்களுக்கு இளைப்பாறுதல் தந்திருந்தால், பிற்பாடு வேறொரு நாளைக் குறித்துச் சொல்லியிருக்கமாட்டார்' என்பது போல ஏதோ வாசித்துக்கொண்டு, அப்படியானால் இயேசு தரவில்லையா என்று வெகுநேரம் குழம்பிக் கிடந்தேன். அங்கே நிற்பவர் யோசுவா. கிரேக்கத்தில் இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்து 'யோசுவா' என்று போட்டு நம்மைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்போஸ்தலர் 7:45இலும் அதே கதைதான்.

அந்தக் குழப்பத்துக்குப் பிறகு பெயர்களை முறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். நான் பார்க்கும் வரிசையையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். கிரேக்க எழுத்துகள் மட்டும் தெரிந்தால் போதும். எபிரேய எழுத்துகள் தெரிந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

தொடங்கும் முன்

எபிரேயத்தில் 22 எழுத்துகள், கிரேக்கத்தில் 24. கிரேக்கத்தில்தான் அதிகம், அதனால் சிரமம் இருக்காது என்று தோன்றும். ஆனால் அந்த 24இல் 7 உயிரெழுத்துகள். எபிரேயத்தின் 22உம் மெய்யெழுத்துகள். ஆக, எபிரேய மெய்கள் எல்லாவற்றுக்கும் கிரேக்கத்தில் இடம் கிடையாது. சிக்கலில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

மோசேயின் ஐந்து நூல்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்கு மாறின. 72 பேர் மொழிபெயர்த்ததாக ஒரு மரபுக் கதை உண்டு. அதனால் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பெயர். மற்ற நூல்கள் அடுத்தடுத்த தலைமுறைகளில், வேறு வேறு ஆட்களின் கையால் வந்தன. ஆகவே கீழே சொல்லும் எதையும் கணக்குச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் ஒரு மாதிரி எழுதினார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதினார். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய வடிவங்களையே எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்துப் பெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றோடு ஒலிக்கும் கிரேக்க எழுத்துகளை 'க்ஹ', 'த்ஹ', 'ஃப' என்று எழுதுகிறேன். பார்க்க நன்றாக இல்லை, தெரியும். தமிழில் இல்லாத ஒலியைத் தமிழ் எழுத்தில் அடைக்க நான் படும் பாட்டைத்தான் அன்று அலெக்சாந்திரியாவில் அவர்களும் பட்டிருப்பார்கள்.

படி 1: பெயர் வேற்றுமை ஏற்கிறதா என்று பாருங்கள்

பலரும் எழுத்துகளை ஒப்பிடுவதில் தொடங்குகிறார்கள். நான் கடைசி எழுத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதிகம் பேசுவது அதுதான்.

கிரேக்கத்தில் பெயர்ச்சொல்லின் கடைப்பகுதி வேற்றுமைக்கு வேற்றுமை மாறும். வெளிநாட்டுப் பெயர் ஒன்று வந்தால் இரண்டு வழிகள். வந்தபடியே விட்டுவிடலாம்; அது எந்த வேற்றுமையிலும் மாறாமல் கல் போல நிற்கும். அல்லது ஒரு கிரேக்க விகுதி சேர்த்து உள்ளூர்ப் பெயராக்கலாம். நம் இலக்கணத்தில் வடசொல்லைத் தற்சமம், தற்பவம் என்று பிரிப்பது நினைவுக்கு வந்தால், கிட்டத்தட்ட அதேதான்.

ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு, தாவீது ஆகிய ஐந்தும் கிரேக்கத்தில் முதல் வகை: அப்ரஆம், இஸஆக், இயக்கோப், இயோசேஃப், தாவுயித். கிரேக்கச் சொற்கள் பொதுவாக உயிரிலோ, ன், ர், ஸ் ஆகிய மெய்களிலோதான் முடியும். ப், க், த், ம் என்று முடியும் பெயர், வெளியூர்க்காரர் என்று சட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பது போலத்தான். தமிழுக்கும் இப்படி ஒரு விதி உண்டல்லவா? வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால்தான் நாம் யாக்கோப் என்று விடாமல் யாக்கோபு என்றோம். தாவீது, ஈசாக்கு, யோசேப்பு எல்லாவற்றிலும் ஓர் உகரம் ஒட்டினோம். ஆபிரகாம் மட்டும் மகரத்தில் முடிவதால் தப்பித்தார். நாம் செய்ததை எழுபதின்மர் இந்தப் பெயர்களில் செய்யவில்லை. முற்பிதாக்களின் பெயரில் கை வைக்க மனம் வரவில்லை போலும்.

இரண்டாம் வகையில் எளிதானவை 'யா', 'யாகு' என்று முடியும் பெயர்கள். கிரேக்கத்தில் '-இயாஸ்' என்று முடியும் ஆண் பெயர்கள் ஏற்கெனவே இருந்ததால் இவை அலுங்காமல் பொருந்தின. எலியாகு எலியாஸ் ஆனார், யெஷயாகு ஏசயியாஸ் ஆனார், எரேமியா எரேமியாஸ் ஆனார், சகரியா ஸக்ஹரியாஸ் ஆனார். எலியாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் பெயரின் கடைசி 'ஸ்' எபிரேயத்தில் கிடையாது. அது கிரேக்க எழுவாய் விகுதி.

யூதாவும் இப்படித்தான். எபிரேயத்தில் யெகூதா, கிரேக்கத்தில் இயூதாஸ். யாக்கோபின் மகனும், காட்டிக்கொடுத்தவனும், நிருபம் எழுதியவரும் கிரேக்கத்தில் ஒரே இயூதாஸ்தான். தமிழில் நாம் நல்லவர்களுக்கு 'யூதா' என்றும் காட்டிக்கொடுத்தவனுக்கு 'யூதாஸ்' என்றும் பிரித்துக்கொண்டோம். பாவம், அந்த ஒற்றை 'ஸ்' தமிழில் துரோகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கிரேக்கத்தில் அது வெறும் வேற்றுமை விகுதி. இரண்டாம் வேற்றுமையில் இயூதான், ஆறாம் வேற்றுமையில் இயூதா.

சரி, இதைப் பார்ப்பதால் என்ன பயன்? ஒரே எபிரேயப் பெயர் சில இடங்களில் வளையாமலும் (விகுதி ஏற்காமலும்) சில இடங்களில் வளைந்தும் (விகுதி ஏற்றும்) வரும்போது, அது வேறு ஆள் என்றோ வேறு தொனி என்றோ தெரிந்துவிடும். புதிய ஏற்பாட்டில் முற்பிதாவான யாக்கோபு எப்போதும் இயக்கோப். அப்போஸ்தலனாகிய யாக்கோபும் இயேசுவின் சகோதரன் யாக்கோபும் இயக்கோபொஸ். முன்னது வேதத்தில் வாசித்த பெயர், பின்னது தெருவில் கூப்பிட்ட பெயர். மாற்கு 6:3இல் இயேசுவின் சகோதரர் நால்வரின் பெயரும் ஆறாம் வேற்றுமையில் வருகிறது: இயக்கோபூ, இயோசேதொஸ், இயூதா, சிமோனொஸ். எல்லாமே முற்பிதாக்களின் பெயர்கள், ஆனால் நான்கும் வளைகின்றன. இதில் இயோசேஸ் என்பது யோசேப்பின் செல்லச் சுருக்கம். மத்தேயு 13:55 அதே சகோதரனை வளையாத இயோசேஃப் ஆக்கிவிடுகிறது. வீட்டில் கூப்பிடும் பெயருக்குப் பதில் பள்ளிக்கூடச் சான்றிதழ்ப் பெயரைப் போட்டது போல.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சவுல். அப்போஸ்தலர் நடபடிகளில் கதை சொல்பவர் பவுலின் பழைய பெயரைச் சொல்லும்போது ஸவுலொஸ் என்று கிரேக்க விகுதியோடு சொல்கிறார். தமஸ்கு வழியில் கேட்ட குரலோ 'ஸவூல், ஸவூல்' என்று அழைக்கிறது. பழைய ஏற்பாட்டு அரசன் சவுலுக்கு வரும் அதே வளையாத வடிவம். 26:14இல் பவுலே, அந்தக் குரல் எபிரேய மொழியில் பேசியது என்கிறார். தமிழில் இரண்டும் சவுல் ஆகிவிடுவதால் இந்த நுட்பம் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

யோசேஃபஸ் என்று நாம் அறிந்த யூத வரலாற்றாசிரியர் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் இருந்து எழுதியவர். அவர் எல்லாப் பெயர்களையும் வளைத்துவிட்டார்: அப்ரமொஸ், இஸக்கொஸ், இயக்கோபொஸ். வாசகர்களின் காதுக்கு இனிமையாக இருக்கவே இப்படிச் செய்கிறேன், எங்கள் நாட்டில் இப்படிச் சொல்வதில்லை என்று தன் நூலில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். யாருக்காக எழுதுகிறோம் என்பதுதான் விகுதியை முடிவு செய்தது.

பெண் பெயர்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 'ஆ' என்று முடிந்தால் பெரும்பாலும் வளையும்: அன்னா, ரெபெக்கா. மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் வளையாது: ராக்ஹேல், ரூத்ஹ், எலிசபெத்.

படி 2: வளையாத பெயருக்கு முன்னால் என்ன நிற்கிறது?

பெயர் மாறவில்லை என்றால் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் முன் நிற்கும் சுட்டுச்சொல்லை (ஆங்கிலத்தின் 'the' போன்றது) பாருங்கள். மத்தேயு முதல் அதிகாரத்தில் 'அப்ரஆம் பெற்றார் தொன் இஸஆக்' என்று இருக்கும். அந்தத் 'தொன்' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. லூக்கா 3இல் வம்சவரலாறு எதிர்த்திசையில், மகனிலிருந்து தந்தைக்கு ஏறும். அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு முன்னால் 'தூ', 'தூ' என்று ஆறாம் வேற்றுமைச் சுட்டு வந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

படி 3: காணாமல் போன ஒலிகளைத் தேடுங்கள்

இப்போது எழுத்துகளுக்கு வரலாம். முதலில் 'ஷ'. கிரேக்கத்தில் அது இல்லை. எபிரேயத்தின் ஷின், சின், சாமெக், ட்சாதே என்ற நான்கு ஒலிகளும் சிக்மா என்ற ஒரே கூடையில் விழும். ஷ்லோமோ ஸொலொமோன், ஷிமோன் ஸிமெயோன், யிட்ஸ்ஹாக் இஸஆக், ட்சாதோக் ஸதோக். எனவே கிரேக்கத்தில் சிக்மாவைப் பார்த்து எபிரேய எழுத்தை ஊகிக்கவே முடியாது. எபிரேயத்தைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

இந்தக் குறை மொழிபெயர்ப்பாளர்களை ஓரிடத்தில் நன்றாகவே மாட்டிவிட்டது. நியாயாதிபதிகள் 12:6இல் தப்பியோடும் எப்பிராயீமியரைக் கண்டுபிடிக்க 'ஷிபோலெத்' என்று சொல்லச் சொல்வார்கள். அவர்களுக்கு 'ஷ' வராமல் 'சிபோலெத்' என்பார்கள். உடனே வெட்டு விழும். 'ஷ' இல்லாத மொழியில் இதை எப்படி எழுதுவது? ஒரு கையெழுத்துப் பிரதி மரபு அந்தச் சொல்லின் பொருளான 'கதிர்' என்பதைப் போட்டது. இன்னொரு மரபு 'அடையாளச் சொல்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவியது. கிரேக்கத்தில் மட்டும் வாசிப்பவருக்கு எதற்காகத் தலை போனது என்றே புரியாது.

அடுத்து தொண்டையொலிகள்: அலெஃப், ஹே, ஹேத், அயின். கிரேக்கத்தில் இவற்றுக்கு எழுத்து இல்லாததால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் மறைந்த இடத்தில் தடயம் இருக்கும்: இரண்டு உயிர்கள் அருகருகே நிற்கும். அப்ரஆமில் இரண்டு ஆல்ஃபா ஏன்? நடுவில் இருந்த 'ஹ' போய்விட்டது. இஸஆக்கிலும் அப்படியே. கிரேக்கத்தில் உயிர்கள் இப்படி முட்டிக்கொண்டு நின்றால், நடுவில் ஒரு தொண்டையொலி புதைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஆதியாகமம் 17இல் ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார், சாராய் சாராள் ஆகிறாள். எபிரேயத்தில் இரண்டு பெயரிலும் 'ஹே' என்ற எழுத்து வந்து சேர்கிறது. கிரேக்கத்தில் அந்த எழுத்தே இல்லை. என்ன செய்வது? அப்ராம் என்பதற்கு ஒரு ஆல்ஃபா கூடி அப்ரஆம் ஆனது. ஸாரா என்பதற்கு ஒரு ரோ கூடி ஸார்ரா ஆனது. அலெக்சாந்திரியாவின் யூத தத்துவஞானி ஃபிலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த பெரிய பரிசு ஒரு எழுத்தா என்று ஒருவன் கிண்டலடித்தானாம். ஃபிலோ அதற்கு நீண்ட உருவக விளக்கம் தருகிறார். கிண்டலடித்தவன் விரைவிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஃபிலோ அவ்வளவு எளிதில் மன்னிக்கிற ஆள் இல்லை.

ஹேத்துக்கும் அயினுக்கும் இன்னொரு சங்கதி உண்டு. சில பெயர்களில் ஹேத் மறைந்துவிடுகிறது: நோவா நோஎ ஆனார், ஹன்னா அன்னா ஆனாள். சில பெயர்களில் அதே ஹேத் 'க்ஹ' என்று கணீரென்று நிற்கிறது: ராஹேல் ராக்ஹேல் ஆனாள். அயினும் அப்படியே. யாக்கோபிலும் சிமியோனிலும் சுவடில்லாமல் போகும்; ஒத்னியேலில் 'க' ஆகிக் கொத்ஹொனியேல் என்று வரும். அத்தாலியாள் கொத்ஹொலியா. மோசேயின் மாமனார் ரெஉவேல் கிரேக்கத்தில் ரகூஏல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அவர் பெயர் ரெகுவேல் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் 'கு' எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஏன் இப்படி? பழைய எபிரேயத்தில் அந்த ஒவ்வோர் எழுத்தும் இரண்டு ஒலிகளைச் சுமந்தது என்பது அறிஞர்களின் பொதுவான விளக்கம். அரபியில் இன்றும் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 'பட்டம்', 'கம்பம்' இரண்டிலும் ஒரே 'ப' எழுதுகிறவர்கள் நாம். கேட்டதை எழுதிய மொழிபெயர்ப்பாளர்களால், பிற்பாடு எபிரேயத்திலிருந்தே மறைந்துபோன ஒரு வேறுபாடு கிரேக்க எழுத்தில் தங்கிவிட்டது. ஆனால் எல்லாப் பெயரும் இதற்குச் சரியாக உட்காராது. உட்காராதவற்றை வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள்.

படி 4: க, ப, த இடம் மாறியிருக்கும்

இது முதலில் தலைகீழாகத் தெரியும். எபிரேயத்தில் சாதாரண காஃப், பே, தாவ் ஆகியவை கிரேக்கத்தில் காற்றோடு ஒலிக்கும் க்ஹ, ஃப, த்ஹ ஆகின்றன. எபிரேயத்தில் அழுத்தி ஒலிக்கும் கோஃப், தேத் ஆகியவைதான் கிரேக்கத்தின் சாதாரண காப்பா, தாவ் ஆகின்றன. காலேப் க்ஹலெப், கானான் க்ஹனஆன், தாமார் த்ஹமார், பார்வோன் ஃபரஓ. ஆனால் யாக்கோபில் இருப்பது கோஃப், அதனால் இயக்கோபில் காப்பா. தொபியாவில் இருப்பது தேத், அதனால் தோபியாஸ்.

அன்றைய எபிரேயர் க, ப, த சொல்லும்போது கொஞ்சம் காற்று வெளியேறியிருக்க வேண்டும். கிரேக்கக் காதுக்கு அது 'க்ஹ' என்றுதான் கேட்டிருக்கும். அழுத்தெழுத்துகளில் காற்று இல்லை. இதனால் இன்னொரு விளைவு: எபிரேயத்தில் அழுத்திச் சொல்லும் 'ப' கிடையாது என்பதால், எபிரேயப் பெயர்களில் கிரேக்கத்தின் பை எழுத்து அபூர்வம். பேதுருவின் அரமேயப் பெயர் கேஃபாஸ் விதியை மீறி முதலில் காப்பாவோடு வரும். அதைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 5: நடுவில் முளைத்த எழுத்தை எடுத்துவிடுங்கள்

தமிழில் சிம்சோன், எபிரேயத்தில் ஷிம்ஷோன், கிரேக்கத்தில் ஸாம்ப்ஸோன். அந்தப் 'ப்' எங்கிருந்து வந்தது? 'ம்' சொல்ல உதடு மூடும், 'ஸ்' சொல்லத் திறக்கும். திறக்கும் நேரத்தில் ஒரு 'ப்' தானாகவே வெடிக்கும். எஸ்றா எஸ்த்ராஸ் ஆனதும், மம்ரே மம்ப்ரே ஆனதும், சிம்ரி ஸம்ப்ரி ஆனதும் இப்படித்தான். 'கன்று', 'நன்று' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இல்லாத ஒரு 'ட்' நடுவில் எட்டிப்பார்க்கிறதா இல்லையா?

படி 6: உயிரெழுத்து மாறியிருந்தால் கிரேக்கத்தைத் திட்டாதீர்கள்

எபிரேயத்தில் மிரியாம், கிரேக்கத்தில் மரியாம். எபிரேயத்தில் பிலாம், கிரேக்கத்தில் பலஆம். ஷிம்ஷோன், ஸாம்ப்ஸோன். எபிரேயத்தில் 'இ' இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் 'அ' இருப்பதைப் பார்த்ததும் கிரேக்கர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். காலத்தைக் கணக்கில் எடுங்கள். எபிரேய வேதத்தில் உயிர்க்குறிகள் இடப்பட்டது கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, மசொரெட்டுகள் என்ற அறிஞர்களால். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அதைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. இந்தச் சொற்களில் பழைய ஒலி 'அ' தான். அது பிற்காலத்தில் 'இ' ஆனது. அரபியில் இன்றும் மர்யம் என்றுதான் சொல்கிறார்கள். ஆக மரியாள் என்ற வடிவம்தான் மிரியாமைவிடப் பழைய உச்சரிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கையெழுத்துப் பிரதிகளில் எழுத்துக்கூட்டல் ஆடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். தாவீதுக்கு தாவுயித், தாவுஎயித், பிற்காலத்தில் தாபித் என்றெல்லாம் உண்டு. யோவானுக்கு வத்திக்கான் கையெழுத்துப் பிரதி பெரும்பாலும் ஒற்றை 'ன்' போடும், மற்றவை இரட்டை. இணையத்தில் சீனாய் கையெழுத்துப் பிரதியின் படங்களைத் திறந்தால் இயேசு என்ற பெயரே முழுதாக இருக்காது. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் எழுதி மேலே ஒரு கோடு இழுத்திருப்பார்கள். தாவீதுக்கும் இஸ்ரவேலுக்கும் கூட அப்படிச் சுருக்கங்கள் உண்டு. 1935இல் ரால்ஃப்ஸ் வெளியிட்ட எழுபதின்மர் பதிப்பில் பெரும்பாலான எபிரேயப் பெயர்களுக்கு அழுத்தக்குறி இருக்காது. அச்சுப்பிழை இல்லை, வேண்டுமென்றே விட்டது.

மோசே என்ற பெயருக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. எபிரேயத்தில் மோஷே, கிரேக்கத்தில் மோயுஸேஸ். நடுவில் ஒரு உப்சிலோன். எகிப்திய மொழியில் 'மோயு' என்றால் தண்ணீர், அதிலிருந்து காப்பாற்றப்பட்டவர் என்று யோசேஃபஸ் விளக்கம் சொன்னார். அலெக்சாந்திரியாவில் இருந்தவர்களுக்கு எகிப்திய வாடை அடித்ததில் வியப்பில்லை.

படி 7: ஒலியா, பொருளா?

சில நேரம் பெயரை எழுதாமல் பொருளை எழுதிவிடுவார்கள். ஆதியாகமம் 3:20இல் ஆதாம் தன் மனைவிக்குப் பெயர் வைக்கும்போது கிரேக்கத்தில் அவள் பெயர் ஸோயே, அதாவது உயிர். 'உயிருள்ளோருக்கெல்லாம் தாய்' என்ற விளக்கம் கிரேக்க வாசகருக்கும் புரிய வேண்டுமே. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அவள் ஏவாள், கிரேக்கத்தில் ஏவா, ஆகிவிடுகிறாள். புதிய ஏற்பாட்டில் கேஃபாஸ் பெத்ரொஸ் ஆனதும், தபீத்தாள் தொர்க்காள் ஆனதும், இரட்டையர் என்று பொருள்படும் தோமாவுக்கு திதிமு என்று பக்கத்திலேயே எழுதியதும் இதே வழி. மெசியா என்ற சொல் யோவான் நற்செய்தியில் இரண்டே இடத்தில் வருகிறது; மற்ற எல்லா இடத்திலும் பொருள் பெயர்த்த கிறிஸ்து.

பழைய கத்தோலிக்கத் தமிழ் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. யோகனான் என்ற எபிரேயப் பெயருக்கு 'ஆண்டவர் அருள் செய்தார்' என்று பொருள். அதனால் யோவான் அருளப்பர் ஆனார். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். சூசையப்பர் மட்டும் போர்த்துக்கீசிய ஒலியைப் பிடித்துக்கொண்டு வந்தவர். என் காதுக்கு அருளப்பரைப் போல அழகான மொழிபெயர்ப்பு வேறில்லை, அது வழக்கொழிந்து வருவதில் வருத்தமும் உண்டு.

ஒரு பெயரை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

யோசுவாவின் நீண்ட எபிரேய வடிவம் யெகோஷுவா. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகான நூல்களில் இது யேஷுவா என்று சுருங்குகிறது. நெகேமியா 8:17இல் நூனின் மகன் யோசுவாவையே எபிரேயம் யேஷுவா என்கிறது. எழுபதின்மர் காலத்தில் வாயில் புழங்கியது இந்தச் சுருக்கம்தான்.

யேஷுவா என்பதில் முதல் 'ய்' ஒலிக்கு கிரேக்கத்தில் மெய் இல்லை, எனவே இயோத்தா. நெடில் 'ஏ' ஏத்தா ஆகிறது. 'ஷ' சிக்மாவில் விழுகிறது. 'ஊ' அப்படியே வருகிறது. கடைசியில் இருந்த அயின் மறைகிறது. அதோடு ஒட்டிவந்த சிறு 'அ'வும் போகிறது. மிஞ்சியது இயேசூ. அதன்மேல் எழுவாய் விகுதி 'ஸ்': இயேசூஸ். ஆறாம் வேற்றுமையில் 'ஸ்' விழுந்து இயேசூ, இரண்டாம் வேற்றுமையில் இயேசூன். தமிழில் நாம் அந்த 'ஸ்'ஸை உதிர்த்துவிட்டு இயேசு என்கிறோம்.

இயேசூஸ் என்பது கிரேக்கக் கடவுள் ஸேயுஸ் பெயரிலிருந்து ஒட்டவைத்தது என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் அவ்வப்போது சுற்றும். மேலே பார்த்தீர்கள்: ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்கு இருக்கிறது, ஒட்டவைக்க எதுவும் மிஞ்சவில்லை. அதோடு, நாசரேத்தூர் இயேசு பிறப்பதற்கு முன்பே நூனின் மகனுக்கு யூதர்களே எழுதிய கிரேக்கப் பெயர் இது.

இனி நீங்கள்

மத்தேயு 1:1-16ஐ கிரேக்கத்தில் திறந்து, ஒரு தாளில் வளையும் பெயர்களை ஒரு பக்கமும் வளையாதவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். அப்புறம் லூக்கா 3:27இல் இயோவனான் என்று வளையாமல் நிற்பவர் பெயரையும், லூக்கா 1:63இல் சகரியா பலகையில் எழுதும் இயோவான்னேஸ் என்ற பெயரையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் எந்த எபிரேயப் பெயர் என்று கண்டுபிடியுங்கள். இவ்வளவு தூரம் வந்தவருக்கு அது எளிது.

கொஞ்சம் கடினமானது ஒன்று: மத்தேயு 1:5இல் ராகாப் பெயர் ராக்ஹாப் என்று இருக்கும். எபிரெயர் 11:31இலும் யாக்கோபு 2:25இலும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பிலும் அவள் ரஆப். எபிரேயத்தில் நடுவில் இருப்பது ஹேத். மூன்றாவது படியைத் திரும்பப் படித்துவிட்டு, மத்தேயு எதைக் கேட்டு எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.